மறைந்த தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு ஊர் செய்யும் மரியாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொகுதி எம்.எல்.ஏ. ஒருவர் மறைந்தால் விடிவதற்குள் சுவரெங்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறிவிடும். அப்புறம் சிலைப் பேச்சு கிளம்பும். அவர் உருப்படியாக என்ன செய்தார் என்று நாலு பக்கம் எழுதிவைக்கும் வேலை மட்டும் கடைசி வரிசையில் நிற்கும். பல ஊர்களில் அது நடப்பதே இல்லை. தமிழ்நாட்டில் தொகுதி மக்களும் கட்சிக் கிளைகளும் குடும்பத்தாரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். எழுதிவைக்கும் வேலைக்குத்தான் இடம் அதிகம் கொடுத்திருக்கிறோம், வேண்டுமென்றே.

சட்டமன்றம் தன் உறுப்பினருக்கு எப்படி அஞ்சலி செலுத்தும்?

பதவியில் இருக்கும்போதே மறைந்தவருக்குப் பேரவையில் இரங்கல் தீர்மானம் கொண்டுவருவார்கள். கட்சி வேறுபாடு இல்லாமல் தலைவர்கள் பேசுவார்கள், உறுப்பினர்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவார்கள், பெரும்பாலும் அன்றைக்கு அவை ஒத்திவைக்கப்படும். முன்னாள் உறுப்பினர் என்றால் பேரவைத் தலைவர் இரங்கல் குறிப்பு வாசிப்பார்; சற்று நேர மௌனத்துக்குப் பிறகு அவை அலுவல் தொடரும்.

அந்த நேரத்தில் பேரவை கூடியிருக்க வேண்டும் என்பதில்லை. அடுத்த கூட்டத்தொடரின் தொடக்கத்தில் இதை எடுத்துக்கொள்வார்கள். அங்கே பேசப்பட்டது அவைக் குறிப்பில் அச்சாகும். அந்தப் பக்கங்களின் நகல் குடும்பத்திடம் ஒன்று, ஊர் நூலகத்தில் ஒன்று இருக்க வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் எழுந்து நின்று சொன்ன நல்ல வார்த்தை பிற்பாடு தேடினால் வேறெங்கும் கிடைக்காது.

எல்லா எம்.எல்.ஏ.வுக்கும் அரசு மரியாதை உண்டா?

இல்லை. அது பதவியோடு தானாக ஒட்டிவரும் உரிமையல்ல. மாநில அரசு முடிவெடுத்து அறிவிக்க வேண்டும். மதுரையிலிருந்து மூன்று முறை சட்டமன்றம் போன என். சங்கரய்யா 2023 நவம்பர் 15 அன்று 102 வயதில் மறைந்தபோது அரசு மரியாதை அறிவிக்கப்பட்டது. மாநில அரசின் 'தகைசால் தமிழர்' விருதை 2021-இல் முதன்முதலாகப் பெற்றவர் அவர். விருதோடு வந்த 10 லட்சம் ரூபாயை அப்படியே கொரோனா நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டார். அவர் பெயரோடு மக்கள் நினைவில் நிற்பது இந்தச் செய்திதான். அரசு மரியாதையில் கேட்ட குண்டு முழக்கத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அரசு மரியாதை இல்லையென்றால் தேசியக் கொடி போர்த்தலாமா?

கூடாது. தேசியக் கொடியை உடல்மீது போர்த்துவது அரசு மரியாதை, முப்படை, துணை ராணுவப் படை இறுதிச் சடங்குகளுக்கு மட்டும்தான். அப்படிப் போர்த்தும்போதும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். குழிக்குள் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. பாசத்தில் செய்தாலும் 1971-ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். கட்சிக் கொடி போர்த்துவது கட்சியும் குடும்பமும் முடிவு செய்துகொள்ளும் விஷயம்.

பேனர், ஃப்ளெக்ஸ் வைக்கலாமா?

வைக்காமல் இருந்தால் நல்லது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டிய பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் கீழே விழுந்து லாரிச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். மறைந்தவரின் பெயரால் இன்னொரு வீட்டில் சாவு விழ வேண்டுமா? அனுமதி பெற்று, மண்டப வாசலில் ஒன்று வைத்தால் போதும். அதிலும் அவர் படம் பெரிதாக இருக்கட்டும். வைத்தவர்களின் படங்கள் நாற்பதும் நடுவில் அவர் தபால்தலை அளவிலும் இருக்கும் அஞ்சலி பேனர்களைப் பார்த்தால் யார் போனார்கள் என்றே புரிவதில்லை.

இடைத்தேர்தல் எப்போது வரும்?

1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151ஏ பிரிவுப்படி, இடம் காலியான 6 மாதத்துக்குள் நடத்த வேண்டும். மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவாக இருந்தால் தேவையில்லை. நடத்துவது கடினம் என்று மத்திய அரசைக் கலந்து தேர்தல் ஆணையம் சான்றளித்தாலும் தள்ளிப்போகும். விக்கிரவாண்டி உறுப்பினர் நா. புகழேந்தி 2024 ஏப்ரல் 6 அன்று மறைந்தார். ஜூலை 10 அன்று வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. 2020 பிப்ரவரி கடைசியில் அடுத்தடுத்த நாட்களில் மறைந்த திருவொற்றியூர் கே.பி.பி. சாமி, குடியாத்தம் எஸ். காத்தவராயன் இருவரின் இடங்களோ கொரோனா காலத்தில் 2021 பொதுத்தேர்தல் வரை காலியாகவே கிடந்தன.

இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், தேர்தல் தேதி அறிவித்ததும் நடத்தை விதிகள் வந்துவிடும். மாநகராட்சிப் பகுதி என்றால் அந்தத் தொகுதிக்குள், மற்ற இடங்களில் மாவட்டம் முழுக்க அவை செல்லும். அதற்குப் பிறகு அமைச்சர் வந்து நினைவு மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டுவது, புதுத் திட்டத்துக்கு அவர் பெயரை அறிவிப்பது எதுவும் நடக்காது. அஞ்சலிக் கூட்டம் நடத்தத் தடையில்லை. ஆனால் மேடையில் வேட்பாளர் ஏறி ஓட்டுக் கேட்டால் அது பிரசாரக் கூட்டம், செலவுக் கணக்கும் அவர் தலையில் விழும். கூட்டத்தை அறிவிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் தேர்தல் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தின் முகமே மாறாமல் இருக்கும்.

குடும்பத்தில் ஒருவரை நிறுத்துவதுதானே அவருக்குச் செய்யும் மரியாதை?

அது கட்சியின் கணக்கு. ஈரோடு கிழக்கில் திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4 அன்று மறைந்ததும் அடுத்த மாதமே நடந்த தேர்தலில் அவருடைய தந்தை ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் நின்று வென்றார். 2024 டிசம்பரில் அவரும் மறைந்தார். 2025 பிப்ரவரி இடைத்தேர்தலில் அதே கூட்டணியின் இன்னொரு கட்சி, குடும்பத்துக்கு வெளியே வேறொருவரை நிறுத்தி வென்றது. இரண்டும் நடந்திருக்கிறது. அனுதாப ஓட்டை அஞ்சலியோடு சேர்த்து எண்ண வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

படத்திறப்பு, நினைவேந்தல் கூட்டம் எப்போது, எப்படி நடத்தலாம்?

குடும்பத்தின் காரியங்கள் முடிந்தபிறகு நடத்துங்கள். பதினாறாம் நாளையொட்டி வைப்பது பரவலான வழக்கம். நாற்பதாம் நாள், முப்பதாம் நாள் என்று அந்தந்தச் சமயத்துக்கும் குடும்பத்துக்கும் ஏற்ப மாறும். நாள் குறிப்பதற்கு முன் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வீட்டுக்காரம்மாவிடம் கேட்காமல் கட்சியின் மாவட்டக் கிளை நாள் குறித்து, ஒன்றியக் கிளை நோட்டீஸ் அடித்து, கடைசியில் வீட்டாரை விருந்தாளிகள் மாதிரி மூன்றாம் வரிசையில் உட்காரவைக்கும் கூட்டங்கள் உண்டு.

தெருவில் மேடை என்றால் காவல் துறை அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நின்றுவிட வேண்டும். மண்டபத்தில் வைத்தால் இந்தத் தொல்லை குறைவு.

பேச்சாளர்தான் பெரிய சிக்கல். பட்டியலில் இருபது பேர் இருந்தால், "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்பதை இருபது முறை கேட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பொறுப்பாளர்களை மூன்று நான்கு பேரோடு நிறுத்திவிட்டு, அவரால் ஏதோ ஒரு காரியம் நடந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள். பட்டாவுக்கு அலைந்தவர், பேருந்து நிற்காத ஊரின் பள்ளி ஆசிரியர், அவருடைய ஓட்டுநர், மனுக்களைப் பிரித்து அடுக்கிய உதவியாளர், அவரை எதிர்த்து நின்று தோற்றவர். தோற்றவர் வந்து பேசினால் அந்த ஐந்து நிமிடம் மற்ற எல்லாப் பேச்சையும்விட எடை கூடியதாக இருக்கும். ஓட்டுநருக்கு மைக் என்றால் பயம் என்றால், முன்கூட்டியே போய்ப் பேசி, கைப்பேசியில் பதிவு செய்து மேடையில் போடலாம்.

கூட்டம் முழுவதையும் பதிவு செய்யுங்கள். நினைவு மலர் போடும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

வாழ்க்கைக் குறிப்பு எழுத வேண்டும். தகவல் எங்கே எடுப்பது?

வீட்டில் தொடங்குங்கள். பள்ளிச் சான்றிதழ், பழைய நாட்குறிப்பு, கடிதக் கட்டு, கூட்ட நோட்டீஸ், புகைப்பட ஆல்பம். படங்களின் பின்பக்கம் யார் யார் நிற்கிறார்கள் என்று இப்போதே பென்சிலால் எழுதிவையுங்கள். அடையாளம் சொல்லக்கூடியவர்களுக்கும் வயதாகிறது.

அடுத்தது தேர்தல் கணக்கு. 1951-52 முதல் தேர்தலிலிருந்து ஒவ்வொரு தொகுதியின் முடிவும் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் இருக்கிறது, இணையத்தில் எடுக்கலாம். தொகுதிப் பெயரில் கவனம் வேண்டும். 2008 மறுசீரமைப்புக்குப் பிறகு பல தொகுதிகள் மறைந்தன, சில இணைந்தன. 2020 ஜூன் 10 அன்று, தன் 62-ஆவது பிறந்தநாளிலேயே கொரோனாவுக்குப் பலியான ஜெ. அன்பழகன் 2011, 2016 இரண்டிலும் சேப்பாக்கம்-திருவல்லிக்கேணியிலிருந்து வென்றவர். அதற்கு முன் அப்படி ஒரு தொகுதியே கிடையாது. சேப்பாக்கம் தனி, திருவல்லிக்கேணி தனி. 2001-இல் அவர் வென்றதோ தியாகராய நகரில். பெயரை மட்டும் பார்த்துத் தேடினால் பாதி வரலாறு விட்டுப்போகும். மேலவை உறுப்பினராக இருந்தவர் என்றால் 1986 நவம்பர் 1-க்கு முந்தைய பதிவுகளைப் பார்க்க வேண்டும். அன்றோடு மேலவை ஒழிந்தது.

மூன்றாவது பேரவை நடவடிக்கைக் குறிப்புகள். உண்மையான புதையல் இதுதான், பெரும்பாலானவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பழைய குறிப்பேடுகள் மின்னுருவாக்கப்பட்டு இணையத்தில் ஏற்றப்பட்டிருக்கின்றன. பேரவை நூலகத்திலும் உண்டு. வினா நேரத்தில் அவர் கேட்ட கேள்விகள், கவன ஈர்ப்புகள், வெட்டுத் தீர்மானங்கள் (நிதி ஒதுக்கீட்டைக் குறைக்கக் கோருபவை), துறைவாரி மானியக் கோரிக்கைப் பேச்சுகள் என்று தேடுங்கள். இருந்த குழுக்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவில் ஐந்து ஆண்டு கோப்பு புரட்டியவர் மேடையில் முழங்கியவரைவிட அதிகம் உழைத்திருக்கலாம், யாருக்கும் தெரியாமல். பத்திரிகைச் செய்திகளுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம் இரண்டையும் நம்பிப் போகலாம்.

கடைசியாக, அண்மைக்கால உறுப்பினர் என்றால் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரம் இருக்கும். கல்வி, தொழில், சொத்து, வழக்கு எல்லாம் அவரே கையெழுத்திட்டுக் கொடுத்தவை.

எழுதும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

அடைமொழிகளை விட்டுவிடுங்கள். "எளிமையின் சிகரம்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. மதுரை கிழக்கில் 2001, 2006 என்று இரண்டு முறை வென்ற நன்மாறன், பத்தாண்டு எம்.எல்.ஏ.வாக இருந்தபின்னும் வாடகை வீட்டில் குடியிருந்து, இலவச வீடு கேட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நின்றார் என்று எழுதினால் போதும். 2021-இல் அவர் மறைந்தபோது ஊர் பேசியது அந்த மனுவைப் பற்றித்தான். கக்கனைப் பற்றியும் அப்படியே. போலீஸ் துறையையே கையில் வைத்திருந்த அமைச்சர், பிற்காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கிடந்தார் என்பதைத் தமிழ்நாடு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1981-இல் மறைந்த மனிதர்.

உங்கள் எம்.எல்.ஏ. கக்கனாக இருந்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பாலத்துக்கு எந்த ஆண்டு நிதி வாங்கினார், எந்தக் கலவரத்தன்று இரவு எந்தத் தெருவில் போய் நின்றார், கட்சிக் கொறடா கண்ணசைத்தும் எந்த விஷயத்தில் விடாமல் கேள்வி கேட்டார்? தேதியும் இடமும் இருந்தால் சின்னக் காரியமும் நிற்கும்.

அவர்மீது குறைகளும் உண்டு. அதை எழுதலாமா?

போஸ்டரில் வேண்டாம். இரங்கல் கூட்டத்திலும் வேண்டாம். ஆனால் நூலாகவோ நினைவு மலராகவோ வரும்போது கட்சி மாறியது, வழக்கு நடந்தது, தேர்தலில் தோற்றது எல்லாம் இருக்கட்டும். ஊருக்கே தெரிந்த ஒன்றை விழுங்கிவிட்டால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். வழக்கு என்றால் நீதிமன்றம் என்ன தீர்ப்பளித்தது என்பதோடு நிறுத்துங்கள்.

சிலை வைக்கலாமா?

பொதுச் சாலை, நடைபாதை, பொதுமக்கள் பயன்பாட்டு இடங்களில் சிலைக்கு மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று உத்தரவிட்டது. அதனால் நாற்சந்தி, பேருந்து நிலைய வாசல் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். ராத்திரியோடு ராத்திரியாக வைத்துவிட்டால் யார் எடுப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். வருவாய்த் துறையும் போலீஸும் வந்து எடுக்கும்போது அவமானப்படுவது மறைந்தவர்தான். சொந்த இடத்தில் வைப்பதாக இருந்தாலும் வார்ப்புக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

எங்கள் விருப்பத்தைக் கேட்டால், சிலை வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு மாலை, மீதி நாளெல்லாம் காக்கை. தென்மாவட்டங்களில் எத்தனை தலைவர்கள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார்கள் என்று பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

அரசே மணிமண்டபம் கட்டாதா?

கட்டுகிறது, மாநில அளவில் தெரிந்த ஒரு சிலருக்கு. கக்கனுக்கு மேலூர் அருகே தும்பைப்பட்டியில், பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவுக்கும், குமரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போராடிய நேசமணிக்கும் நாகர்கோவிலில் உண்டு. மற்றவர்களுக்கு இதை எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயனில்லை.

தெரு, பள்ளி, பேருந்து நிலையத்துக்குப் பெயர் வைக்க என்ன வழி?

நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி எதுவோ அந்த மன்றத்தில் தீர்மானம் வர வேண்டும், அரசு ஒப்புதலும் வேண்டும். மன்ற உறுப்பினர் ஒருவர் வழியாக மனு கொடுங்கள். ஏற்கெனவே வேறொருவர் பெயர் இருக்கும் தெருவைக் கேட்காதீர்கள். சாதிப் பட்டம் ஒட்டாமல் பெயரை மட்டும் கேளுங்கள்.

இதில் ஒரு பழைய பாடம் உண்டு. ஒரு காலத்தில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் இருந்தது. நாகர்கோவிலில் ஓடியது நேசமணி போக்குவரத்துக் கழகம். 1997-இல், கட்டபொம்மனின் தளபதியும் பட்டியலினத்தவருமான வீரன் சுந்தரலிங்கம் பெயரில் புதுக் கழகம் அறிவித்ததும் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் வெடித்து, எல்லாப் பெயர்களையும் ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். ஊரில் பிளவு இருந்தால் பெயர்ப்பலகையைத் தள்ளிப்போடுங்கள்.

அப்படியே பெயர் நிலைத்தாலும் ஆள் நிலைப்பார் என்பதில்லை. பனகல் பூங்காவில் தினமும் ஆயிரக்கணக்கானோர் இறங்கி ஏறுகிறார்கள். 1920-களில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் பனகல் அரசர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படியானால் எதுதான் நிற்கும்?

அவர் எதற்காக உழைத்தாரோ அதோடு பெயர் சேர்ந்தால் நிற்கிறது. முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண். அவையின் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் அவையில் தொடங்கிய போராட்டம் 1947-இல் சட்டமானது. 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இன்று கிராமத்துக் கர்ப்பிணிப் பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரப்பும் மகப்பேறு உதவித் திட்டப் படிவத்தில் அவர் பெயர் இருக்கிறது. மருத்துவர் பெயர் தாய்மாருக்கான உதவியில். பொருத்தம் பார்த்தீர்களா?

உங்கள் அளவில் இதையே செய்யலாம். படிப்பில் அக்கறை காட்டியவர் என்றால் அவர் படித்த அரசுப் பள்ளியில் ஒரு வைப்புத்தொகைப் பரிசு. வாசிப்பவர் என்றால் கிளை நூலகத்தில் புரவலராகச் சேர்ந்து அவர் புத்தகங்களைக் கொடுத்துவிடுவது. பேச்சாளர் என்றால் கல்லூரியில் அறக்கட்டளைச் சொற்பொழிவு. அறக்கட்டளை பதிவு செய்தால் ஆண்டுதோறும் கணக்கு, தணிக்கை, வருமான வரிப் படிவம் எல்லாம் உண்டு. அதைப் பார்க்க ஆள் இல்லையென்றால் பள்ளி பெயரிலேயே பணத்தைப் போட்டு நிபந்தனையை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வட்டாட்சியர் அலுவலகம் முதல் கோட்டை வரை அவர் பாதியில் விட்டுப்போன மனுக்கள் இருக்கின்றன. அவை என்ன ஆகும்?

யாரும் கேட்காவிட்டால் அப்படியே கிடக்கும். 2022-இல் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தன் தொகுதியின் 10 முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் தரும்படி முதலமைச்சர் கேட்டிருந்தார். அப்போது பதவியில் இருந்தவர் என்றால் அந்தப் பட்டியலைத் தேடி எடுங்கள். பேரவையில் அவர் கேள்விக்கு அமைச்சர் "ஆவன செய்யப்படும்" என்று சொன்ன இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவையில் கொடுத்த வாக்கு என்ன ஆனது என்று பார்ப்பதற்கே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. பொதுமக்களிடம் மனு வாங்க மனுக்கள் குழு இருக்கிறது. அது மாவட்டத்துக்கு வரும்போது செய்தித்தாளில் அறிவிப்பு வரும். இடைத்தேர்தலில் யார் வந்தாலும், எந்தக் கட்சி என்று பார்க்காமல், முதல் வாரத்திலேயே இந்தப் பட்டியலை அவர் கையில் கொடுங்கள். பட்டியலில் ஒரு பாலம் கட்டி முடிந்தால் அது சிலையைவிடப் பெரிய காரியம்.

எம்.எல்.ஏ. இல்லை, எங்கள் ஊராட்சித் தலைவர் (அல்லது கவுன்சிலர்) மறைந்துவிட்டார். இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். பேரவைக் குறிப்புக்குப் பதில் மன்றத் தீர்மானப் புத்தகமும் கிராமசபைப் பதிவேடும். நகல் வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஊராட்சிப் பதிவேடுகள் கரையானுக்குப் போகுமுன் கேளுங்கள்.

குடும்பத்துக்கு உடனே தேவைப்படுவது என்ன?

இறப்புச் சான்றிதழின் பல நகல்கள். வாழ்க்கைத் துணைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. விண்ணப்பம் சட்டமன்றப் பேரவைச் செயலகத்துக்குப் போக வேண்டும். தொகுதி அலுவலகத்திலும் சென்னை விடுதி அறையிலும் இருக்கும் பொருட்களை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அப்போது சட்டை, செருப்பு, கேடயங்களை எடுத்துக்கொண்டு காகிதக் கட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்று, கட்சிக்காரர் யாராவது கூடவே போய்ச் சொல்லுங்கள்.